நாற்பத்தேழாவது கட்டம்

பெப்ரவரி மாதம் பதினேழாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம். வானம் தெளிவு. கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று. அன்று முழுக்க ஒரு துளி மழை இல்லை. குருநகரில், கடலுக்கு இருநூறு அடி தள்ளியிருக்கும் ஒரு மண்டபத்தில், முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு முன்னால், நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழையாக எண்ணினேன்.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. (சின்ன வயது. அனுபவம் போதாது.)

நான் எண்ணிப் பிழைத்தவன். தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்குப் பக்கத்தில் நட்டிருந்த அளவுக்கம்பில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் உத்தியோகம். காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம், முப்பத்துநாலு வருடம். இளைப்பாறிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கரவெட்டியில் என் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்திருக்கிறேன். பஸ் எத்தனை இடத்தில் நிற்கிறது, கோயில் மணி எத்தனை தரம் அடிக்கிறது, வெண்டிக்காய் எத்தனை காய்த்தது, எல்லாம் கணக்கிருக்கிறது. என் மனைவி இருந்த காலத்தில், "கறிக்கு எத்தினை உப்புக்கல் போட்டனான் எண்டும் உவருக்குத் தெரியும்" என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுவாள். அவள் போய் அப்போது நாலு வருடம், இரண்டு மாதம்.

வீட்டில் ஏழு கதிரைகள். ஒன்றில்தான் தூசி இல்லை.

ஒருநாள், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வாயால் எத்தனை வசனம் பேசுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாலு. அதில் ஆறு பூனைக்கு. ஐந்து வானொலிச் செய்தி வாசிப்பவருக்கு (அவர் திருந்தவில்லை). இரண்டு மரக்கறிக் கடையில். மற்றது எண்ணிக்கை சரிதானா என்று எனக்கு நானே கேட்டது.

இந்தக் கணக்கை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் ரொறொன்ரோவில் இருக்கும் என் ஒரே மகள் சுகந்திக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள்.

"அப்பா, இண்டைக்கு ஆரோடையாவது கதைச்சியளோ?"

"கதைச்சனான்."

"ஆரோடை?"

(பூனை என்று சொல்ல முடியுமா?)

"அப்பா, தனிய இருந்தது காணும். பேப்பர் எல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறன். நீங்கள் ஓம் எண்டு சொன்னால் சரி. வீட்டைப் பூட்டுறதோ விக்கிறதோ பேந்து பாப்பம்."

அங்கே போனால் நான் எதை எண்ணுவது? பனியை எண்ண ஏலாது. ஒரு சின்ன அறை, ஒரு யன்னல், வேலைக்குப் போகும் மகள், மருமகன், தமிழில் எண்பது சொல் மட்டும் தெரிந்த பேரன். இங்கே தனிமை எனக்குப் பழகிய தனிமை. அதன் நீள அகலம் எனக்குத் தெரியும்.

அந்த நிலையில்தான் நான் இளைஞர் இசைக்குழுவில் சேர்ந்தேன். வயதெல்லை பதினைந்து முதல் இருபத்தொன்பது.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை கண் காட்ட யாழ்ப்பாணத்துக்குப் போனவன், பஸ்சுக்கு நேரம் கிடந்ததால் குருநகர்ப் பக்கம் நடந்தேன். ஒரு மண்டபத்துக்குள் வயலின்கள் கேட்டன. நானும் பதினொரு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை, நிலத்தில் சம்மாணம் கட்டியிருந்து வயலின் படித்தவன்தான். அதனால் யன்னலடியில் நின்றேன். நாற்பது நிமிடம் நின்றேன். ஒரே துண்டை ஒன்பது தரம் வாசித்தார்கள். ஒன்பது தரமும் பின்வரிசை ஒரே இடத்தில் நாலு எண்ணிக்கை முந்தியது. பத்தாம் தரம் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போனேன்.

நடுவில் நின்று கைகாட்டி நடத்திக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா ரீச்சர். முப்பது முப்பத்தொரு வயதுதான் இருக்கும். குருநகர்ப் பிள்ளை. தகப்பனுக்கு இரண்டு படகு.

"பிள்ளை, குறை நினைக்கக் கூடாது. உந்தப் பின்வரிசை ஒவ்வொருதரமும் நாலு எண்ணிக்கை விடுகினம்."

ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாது. எண்ணத் தெரியும்."

"எங்களுக்கு அதுதான் பஞ்சம்" என்றார் அவர்.

மூலையில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பெரிய வாத்தியம் சுவரில் சாய்ந்து நின்றது. டபுள் பேஸ். வயலினுக்குப் பூட்டன் மாதிரி. யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வாத்தியங்களோடு வந்ததாம். சைக்கிளில் கட்ட முடியாது, பஸ்சில் ஏற்ற முடியாது என்று ஒரு பிள்ளையும் அதைத் தொடவில்லை. அதன் தோளில் யாரோ துவாய் காயப்போட்டிருந்தார்கள்.

"வயதெல்லை?" என்றேன்.

"அந்த விதியை எழுதினது நான்தானே" என்று சொல்லிவிட்டு ரீச்சர் துவாயை எடுத்தார்.

இசைக்குழுவில் இருபத்தொரு வயலின், மூன்று வியோலா, இரண்டு செலோ. ஆக இருபத்தாறு பிள்ளைகள். ரீச்சரோடு இருபத்தேழு. (என்னைச் சேர்க்காமல். நான் எதை எண்ணினாலும் என்னைச் சேர்ப்பதில்லை. அளவுக்கம்பைப் பார்க்கிறவன் தண்ணீருக்குள் நிற்பதில்லை.) என்னை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாளே பிரச்சினை வந்தது. ஐயா, அங்கிள், சேர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்து செலோ வாசிக்கும் கபிஷா என்ற பதினேழு வயதுப் பிள்ளைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"இது யூத் ஒர்க்கெஸ்ட்ரா. இஞ்சை மூத்த ஆக்களை அண்ணை, அக்கா எண்டுதான் கூப்பிடுறது. இவரும் அண்ணைதான்."

அன்றிலிருந்து நான் 'பேஸ் அண்ணை'. என்னை அண்ணை என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. பஸ்சில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். (மொத்த வசனக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.)

பேஸ் வாசிப்பது பெரிய வித்தை அல்ல. குறைந்தபட்சம் எனக்குத் தந்த பகுதி அல்ல. நோட்ஸ் தாளில் இசையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. ரீச்சர் தானே எழுதிய 'காற்று விழுந்த கடல்' என்ற உருப்படியில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டம். அதில் நான் வாசிப்பது ஐம்பத்தேழு. மிச்சம் நூற்றைம்பத்தைந்து கட்டமும் சும்மா நிற்க வேண்டும். ஆனால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலைக்கு என்னைவிட்டால் இந்தக் குடாநாட்டில் வேறு ஆளில்லை என்பது என் எண்ணம்.

எண்ணுவது நம் வழக்கப்படிதான். இடதுகைப் பெருவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு. விரலுக்கு மூன்று, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. நாலு சுற்றுப் போனால் நாற்பத்தெட்டு. கூடவே வாயும் முணுமுணுக்கும்.

"அண்ணை, நீங்கள் எண்ணுறது எங்களுக்குக் கேக்குது" என்றாள் கபிஷா மூன்றாம் கிழமை.

"மன்னிக்க வேணும் பிள்ளை. இனி மனதுக்குள்ளை எண்ணுறன்."

"ஐயோ, வேண்டாம்! உங்களைக் கேட்டுத்தான் நாங்கள் வாசிக்கிறம். ரீச்சருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டு செலோ, மூன்று வியோலா, ஆக ஐந்து பேர் எண்ணுவதையே கைவிட்டு என் முணுமுணுப்பில் சவாரி போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முன்வரிசைக்கு ரீச்சர், பின்வரிசைக்கு நான்.

குழுவில் ஒரு தண்டமும் இருந்தது. பயிற்சியில் யாராவது இடம் தவறித் தனியாகச் சத்தம் போட்டால், அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தர வேண்டும். முப்பத்தொரு பயிற்சியில் நான் பதினாலு ரோல்ஸ் தின்றிருக்கிறேன். ஒன்றுகூட வாங்கிக் கொடுத்ததில்லை. "அண்ணை, ஒருக்காப் பிழை விடுங்கோவன், பாவம் எங்கடை காசு" என்று பிள்ளைகள் கெஞ்சும். "பிழை விடுறதுக்கு ஒரு திறமை வேணும். அது எனக்கில்லை" என்று நான் சொல்லுவேன்.

(வாசிப்பவர்கள் இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருக்கவும்.)

பயிற்சிக்கு வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாதே. அதனால் ஒரு நீளப் பனைமட்டையைத் தோளில் சாய்த்து, விளக்குமாற்றுத் தடியை வில்லாக்கி முற்றத்தில் நின்று வாசித்தேன். பக்கத்து வீட்டுச் செல்வராசா வேலிக்கு மேலால் கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, பாம்போ?"

"இல்லை. பயிற்சி."

"ஓ" என்றார். அன்று பின்னேரமே அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து தந்துவிட்டு, என் முகத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தை மாதத்தில் சுகந்தி கடைசியாகச் சொன்னாள்: "சித்திரைக்கு முதல் முடிவு சொல்லுங்கோ அப்பா. உங்களை அங்கை தனிய விட்டிட்டு என்னாலை இஞ்சை நித்திரை கொள்ள ஏலாது."

"நான் தனிய இல்லைப் பிள்ளை. எனக்கு இருபத்தேழு பேர் இருக்கினம்."

"ஆர் அந்த இருபத்தேழு பேர்?"

சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு, அவளுடைய தாய் மாதிரியே, சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேரம் பேசினாள்.

"சரி. கொன்சேர்ட் ஒன்லைனிலை போகும் எண்டு சொல்லுறியள்தானே. நான் பாக்கிறன். நீங்கள் அங்கை அந்தப் பிள்ளையளோடை சேந்திருக்கிறியள் எண்டு என்ரை கண்ணுக்குத் தெரிஞ்சால் பேப்பரை உள்ளுக்கை வைக்கிறன். சும்மா ஒரு மூலையிலை தனிய நிண்டியள் எண்டால், ரிக்கற் போடுறன்."

அதில்தான் சிக்கல். ஏனென்றால் டபுள் பேஸ்காரனின் இடம் எது? மேடையில் கடைசி மூலை. எல்லாரும் கதிரையில் இருக்க, அவன் ஒருவன் தனியே நிற்பான்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கியது. பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. இனிக் காத்திருக்க ஏலாது என்று ரீச்சர் சின்னச் சின்ன உருப்படிகளை முதலில் விட்டார். மேடைக்கு முன்னால் ஒரு முக்காலியில் கைபேசி. அதற்குள் ரொறொன்ரோ. அங்கே காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடம். நான் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகை நிமிர்த்தினேன். கபிஷாவின் கதிரைக்கு முக்கால் அடி கிட்ட நகர்ந்தேன், சேர்ந்திருப்பது போலத் தெரியட்டும் என்று.

"அண்ணை, வில்லு என்ரை தலையிலை முட்டுது" என்றாள் அவள். அரை அடி திரும்பிப் போனேன்.

'காற்று விழுந்த கடல்' கடைசி உருப்படி. கடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், திடீரென்று காற்று விழுந்தால் கடல் எப்படி அசையாமல் கிடக்கும் என்று. ரீச்சர் அதைத்தான் எழுதியிருந்தார். வயலின்கள் எல்லாம் அலையலையாக எழும்பி, உச்சத்தில் ஒரேயடியாக நிற்கும். பிறகு முழுமையாக மூன்று கட்டம் மௌனம். ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. அதற்குப் பிறகு ஆழத்திலிருந்து பேசும் முதல் சத்தம் என்னுடையது. என்னோடு செலோவும் வியோலாவும்.

என் கணக்கில் அந்த இடம் இப்படி: நாற்பத்தெட்டுக் கட்டம் நான் சும்மா. அதில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு மூன்றும் எல்லாருக்கும் மௌனம். நாற்பத்தொன்பதில் நான் வில்லைப் போட வேண்டும். முப்பத்தொரு பயிற்சியிலும் போட்டேன். ஒருதரமும் தவறவில்லை.

எண்ணத் தொடங்கினேன். ஒரு சுற்று, பன்னிரண்டு. இரண்டாம் சுற்று, இருபத்துநாலு. மூன்றாம் சுற்றில் நடுவிரலைத் தாண்டி மோதிரவிரலின் முதல் கணுவுக்கு வந்துவிட்டேன். முப்பத்தொன்று.

அப்போது முதுகுக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது.

பிரதம விருந்தினர் வந்துவிட்டார். வந்தவர் பதினைந்து நிமிடத்தில் வேறு கூட்டத்துக்குப் போக வேண்டுமாம். (பிரதம விருந்தினர்கள் எப்போதும் வேறு கூட்டத்துக்குப் போகிறவர்கள்தான். அந்த வேறு கூட்டத்தில் இருந்தும் அவர்கள் வேறு கூட்டத்துக்குத்தான் போவார்கள்.) போவதற்கு முதல் அவர் கையால் ஒருவருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் மண்டபக் கொமிற்றிச் செயலாளருக்குத் தூக்கம் வராது. செயலாளர் மேடையைப் பார்த்திருக்கிறார். இருபத்தாறு பேர் கைவேலையாக இருக்கிறார்கள். ரீச்சர் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருக்கிறார். பின்மூலையில் நரைத்த தலையோடு ஒரு மனிதன் வேலையில்லாமல் சும்மா நிற்கிறான். வயதிலும் மூத்தவன். இதைவிட வசதி என்ன?

இசைக்கு இடைஞ்சல் வராமல் இருவரும் நுனிக்காலில் வந்தார்களாம். பின்னால் தட்டத்தோடு ஒருவர், கமராவோடு ஒருவர்.

"சேர், ஒரு நிமிசம்" என்று செயலாளர் என் காதுக்குள் சொன்னார்.

முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று பெருவிரலால் மோதிரவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தோளில் பட்டுச் சால்வை விழுந்தது. என் தோளில் மட்டுமல்ல, பேஸின் தோளிலும் விழுந்தது. அந்தப் பொன்னாடை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போர்த்தப்பட்டது. அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிறகு விருந்தினர் கைகூப்பினார்.

நீங்களே சொல்லுங்கள். உங்களைவிடப் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர், உங்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, முகத்துக்கு நேரே கைகூப்பினால், நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுபத்தொரு வருடப் பழக்கம். கை தானாகவே எழும்பியது. வில்லைக் கக்கத்துக்குள் செருகிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து, விரல் பத்தையும் விரித்துக் கும்பிட்டேன்.

கையைப் பிரித்துப் பார்த்தேன். விரல்கள் இருந்தன. முப்பத்தொன்று இல்லை.

"இஞ்சை பாருங்கோ சேர்" என்றார் கமராக்காரர். மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் நான் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் போனதும் மனக்கணக்குப் போட்டேன். மரியாதை நடந்தது முப்பத்தொன்பது செக்கன். ஒரு கட்டம் மூன்று செக்கன். ஆகப் பதின்மூன்று கட்டம். முப்பத்தொன்றோடு பதின்மூன்று, நாற்பத்துநாலு. பின்வரிசை என் குரலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. "நாற்பத்தைஞ்சு" என்று முணுமுணுத்தேன். ஐந்து முதுகுகளும் ஆறுதலாக மூச்சு விட்டன.

(பிற்பாடு வீடியோவில் பார்த்தேன். மரியாதை முப்பத்துமூன்று செக்கன்தான். மரியாதை எப்போதும் இருப்பதைவிட நீளமாகத்தான் தெரியும்.)

நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு என்று நான் சொன்னபோது எல்லா வயலினும் சட்டென்று நின்றன.

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். பொன்னாடையில் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு முழுதாக ஒரு கட்டம், மூன்று செக்கன், யோசிக்க நேரம் இருந்தது. நாற்பத்தாறில் வரவேண்டிய மௌனம் என் எண்ணிக்கையில் நாற்பத்தெட்டில்தான் வந்தது. ஒன்றில் நான் பிழை, அல்லது ரீச்சரும் இருபத்தொரு வயலினும் சேர்ந்து இரண்டு கட்டம் பிந்திவிட்டார்கள். நான் நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன்.

அவர்கள் பிழை.

வில்லைப் போட்டேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது உண்மையில் நாற்பத்தேழாவது கட்டம். மௌனத்தின் நட்டநடு. பொன்னாடையின் சரிகைக் குஞ்சம் வில்லுக்கும் தந்திக்கும் இடையில் அகப்பட்டிருந்தது. வந்த சத்தத்தை எழுத்தில் எழுத ஏலாது. 'தொர்ர்ர்' என்று தொடங்கி, இருமி, பிறகு 'ட்டுட்டுட்டு' என்று பிடித்துக்கொண்டது.

ஒரு செக்கன். ரீச்சரின் இரண்டு கையும் மேலே, அசையாமல். கண் என்மேல்.

இரண்டு செக்கன். இருபத்தொரு வில்லும் காற்றில் நிற்கின்றன. முந்நூற்றுப் பதினெட்டு முகம். மண்டபத்துக்கு வெளியே கடல்கூடச் சத்தமில்லை. அந்த முழு இடத்திலும் சத்தம் போடுகிற ஒரே சீவன் நான். நிறுத்தலாம்தானே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் பிழை என்று ஆகிவிடுமே. இழுத்துக்கொண்டே நின்றேன்.

மூன்று செக்கன். முக்காலியில் கைபேசியின் கண்ணாடி வட்டம். அதற்குள் இருந்து சுகந்தி பார்த்துக்கொண்டிருப்பாள். மூலையில் ஒரு கிழவன், தனியே, தோளில் மஞ்சள் பட்டு. ரிக்கற் போடுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுத் திறப்பைச் செல்வராசாவிடம் கொடுக்க வேண்டும். பூனைக்கு என்ன சொல்வது?

நாலாவது செக்கனில், பின்கதவுப் பக்கமிருந்து யாரோ ஒரு கடற்றொழில்காரர் மனதாரச் சொன்னார்:

"எஞ்சின் பிடிச்சிட்டுது!"

காற்று விழுந்த கடலில் வேறென்ன செய்வது? எஞ்சினைத்தானே இழுக்க வேண்டும். அந்த மண்டபத்தில் அதை விளங்காதவர் ஒருவரும் இல்லை. முந்நூற்றுப் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். பிரதம விருந்தினரும் சிரித்தார். வேறு கூட்டத்தை மறந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குள் எனக்கு முன்னாலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. கபிஷாவின் செலோ. என் சுரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்து மற்றச் செலோ. பிறகு மூன்று வியோலாவும். ஐந்து பேரும் பிழையான இடத்தில், என்னோடு, ஒரே பிழையாக வாசித்தார்கள். ரீச்சர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். மேலே பிடித்திருந்த கையை மெல்ல இறக்கி வயலின்களையும் உள்ளே எடுத்தார். உருப்படி ஆறு செக்கன் முந்தி முடிந்தது. கைதட்டல் ஐம்பத்தொரு செக்கன். நான் தலை நிமிரவில்லை. பொன்னாடையைப் பேஸின் தோளில் துவாய் மாதிரிப் போட்டுவிட்டு, பின்கதவால் இறங்கிக் கடைசி பஸ்சைப் பிடித்தேன். கைபேசியை நிறுத்திவிட்டேன்.

அடுத்தநாள் விடிய அதை உயிர்ப்பித்தபோது தவறிய அழைப்பு பதினெட்டு. அதுவரை ஒரு நாளில் வந்த அதிகபட்சம் இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தொன்பதாவது வந்தது.

முதலில் பேரனின் குரல். "அம்மப்பா! எஞ்சின்!" தன் எண்பது சொல்லில் இல்லாத சொல். அன்றைக்குப் படித்தது. பிறகு சுகந்தி. ஐம்பது செக்கன் சிரித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சரி பிள்ளை. ரிக்கற் எப்ப?" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்கள் பிழை விட்ட நேரம், உங்களோடை சேந்து பிழை விட்டவை எத்தினை பேர்?"

"ஐஞ்சு."

"ஏன் விட்டவை?"

"என்ரை எண்ணிக்கையைக் கேட்டு."

"இஞ்சை வந்து நீங்கள் ஒரு பிழை விட்டால் நான் திருத்துவன். அவர் பேசாமல் போவார். பிள்ளை சிரிப்பான். சேந்து பிழை விட இஞ்சை ஒருதரும் இல்லை அப்பா." அங்கே காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டது. "பேப்பரை உள்ளுக்கை வைக்கிறன். வாற வருசம் பாப்பம்."

ஆக நான் வென்றேன். வென்றவன் என்ன செய்தேன்? அடுத்த சனிக்கிழமை வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். அதற்கடுத்ததும். முற்றத்தில் பனைமட்டை கிடந்தது. வசனக் கணக்குப் பதினாலில் இருந்து ஒன்பதுக்கு இறங்கியது. எந்தத் தனிமையிலிருந்து தப்ப மகளோடு அவ்வளவு வாதாடினேனோ, அதற்குள் நானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். மூன்று கிழமையில் மழை நாலு மில்லிமீற்றர்.

நாலாவது வெள்ளிக்கிழமை கபிஷா எடுத்தாள்.

"பேஸ் அண்ணை, ரோல்ஸ் எங்கை?"

"என்ன ரோல்ஸ்?"

"தண்டம்! மூண்டு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறம். நாட்டை விட்டு ஓடிட்டியள் எண்டு பெடியள் சொல்லுறாங்கள்."

"அப்பிடியெண்டால் நீங்கள் ஐஞ்சு பேரும்தான் பிழை விட்டனியள். பங்கு போடுவம்."

"நாங்கள் எங்கை பிழை விட்டனாங்கள்? அண்ணையைப் பின்பற்றினனாங்கள். மூத்த ஆக்களைப் பின்பற்றுறது பிழையோ?"

நாளைக்கு வாறன் என்றேன். இப்போது அவள் இங்கே இல்லை. படிக்க லண்டனுக்குப் போய்விட்டாள். இருபத்தாறில் ஒன்பது பேர் இப்படிப் போய்விட்டார்கள். புதிதாக ஏழு பேர் வந்திருக்கிறார்கள். இளைஞர் குழு என்றால் அப்படித்தான், இளைஞர்கள் போய்விடுவார்கள், நான் நிற்கிறேன். அவள் போன பிறகு ஒருநாள் அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். (மொத்தம் அறுபத்துமூன்று தரம் பார்த்திருக்கிறேன்.) என் நாலு செக்கனில் கபிஷாவின் கண் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். என்மேல் அல்ல. ரீச்சரின் கைமேல். மௌனம் என்று காட்டி நிற்கும் அந்தக் கைமேல். பிறகு ஒருதரம் திரும்பி என்னைப் பார்க்கிறாள். பிறகுதான் வில்லைப் போடுகிறாள். கணக்கின்படி பார்த்தால் அவளுக்கு அந்த இடத்தில் பிழை விட வழியே இல்லை.

அவளிடம் கேட்கவில்லை. சில எண்களைத் திரும்பச் சரிபார்க்கக் கூடாது.

ரொறொன்ரோவில் அந்தச் சத்தத்தைப் பேரன் வெட்டியெடுத்து, என் அழைப்புக்கு மணியாக வைத்திருக்கிறான். நான் எடுத்தால் அவர்கள் வீட்டில் 'தொர்ர்ர், ட்டுட்டுட்டு' என்று கேட்குமாம். உடனே யாராவது ஒருவர் "எஞ்சின் பிடிச்சிட்டுது!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாராம். முன்பு பத்து அழைப்பில் மூன்றுக்குத்தான் பதில் வரும். இப்போது எட்டு. அங்கே யாராவது எல்லாரும் பேசாமல் இருக்கும் நேரத்தில் வாயைத் திறந்தாலும், மருமகன் தும்மினாலும்கூட, இதே வசனம்தானாம்.

கபிஷா எடுத்த அந்த வெள்ளிக்கு அடுத்த நாள், வானம் பாதி முகில், மழை இல்லை, பின்னேரம் இரண்டு மணி பத்து நிமிடம், யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு பேக்கரிக்குள் போனேன்.

"எத்தினை ரோல்ஸ் ஐயா?"

"இருபத்தேழு" என்றேன். கடைக்காரர் எண்ணிப் பெட்டிக்குள் அடுக்கினார். நானும் கூடவே எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. பெட்டியைக் கட்ட நூலை எடுத்தார்.

"பொறுங்கோ தம்பி" என்றேன். "ஒண்டு பிழைச்சுப் போச்சு. என்னை விட்டிட்டன்."

இருபத்தெட்டு ரோல்ஸ். ஒன்று நூற்றிருபது ரூபா. மூவாயிரத்து முந்நூற்று அறுபது ரூபா.